இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டப் பழகுகிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து சீட்டில் இருக்கும் மாஸ்டரின் காலடியில். எங்கள் தொழிலே அந்த இரண்டாவது பிரேக்கில்தான் இருக்கிறது. கிளட்சை மெதுவாக விடு, கண்ணாடியைப் பார், கியரை மாற்று என்று கத்துவதற்கு மாஸ்டர் எதற்கு? யார் வேண்டுமானாலும் கத்தலாம். நானே கத்துக்கொடுத்துவிடுகிறேன் என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற கணவன்மார்கள் மூன்றாவது நாள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவளை என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். கத்துவதில் அவர்கள் என்னை மிஞ்சியவர்கள். அவர்களிடம் அந்த இன்னொரு பிரேக் மட்டும் கிடையாது.

பதினெட்டு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. பிரேக்கின் மேல் காலைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் கல்லாகிக் கிடக்கும். பேட்டையில் எனக்கு ‘கிளட்ச் மாஸ்டர்’ என்று பெயர். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அந்த வார்த்தையைக் கத்தினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் வைத்த முதல் சட்டம், போனை டப்பாவில் போட வேண்டும். ஒரு பழைய பிஸ்கட் டப்பா, பின் சீட்டில் இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் போனை அணைத்து அதில் போட்டால்தான் சாவியைக் கொடுப்பேன். பெரிய அதிகாரி, வக்கீல், என் சொந்த மச்சான், யாராக இருந்தாலும் சரி. “ஒரே ஒரு அவசர கால் வரும் மாஸ்டர்” என்று இழுப்பார்கள். “வந்தா இறங்கிப் போய்ப் பேசுங்க, நான் வேற ஆளை ஏத்திக்கறேன்” என்பேன். வாய் கிழியப் பேசுவேன். ஒரு நொடி கண் ரோட்டை விட்டால் கார் எத்தனை அடி ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

என் போன்? அது என் சட்டைப் பையிலேயே இருக்கும். ஏனென்றால், கேளுங்கள் இந்த நியாயத்தை, நான் ஓட்டவில்லையே! ஸ்டியரிங் அவர்கள் கையில். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். அடுத்த கிளாஸுக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்க வேண்டாமா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ரோட்டில் எல் போர்டு கார் போனால் ஓட்டுகிறவரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவனைப் பாருங்கள். தலை குனிந்திருக்கும்.

சிஸ்டர் என்னிடம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷமாக நர்ஸ். வார்டில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற பிரிவுக்கு மாற்றல் கேட்டிருந்தார். லைசென்ஸ் இருந்தால்தான் அந்த வேலை. “எத்தனையோ பேருக்கு ஊசி குத்தியிருக்கேன் மாஸ்டர், கை ஒரு தடவை கூட நடுங்கினதில்லை. இந்தக் கியரைத் தொட்டா நடுங்குது பாருங்க” என்று முதல் நாள் சிரித்தார். என்னை விடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான் அவருக்கு. நான் கத்தினால், “மெதுவா கத்துங்க, உங்களுக்கு பிபி ஏறிடும்” என்பார். என் வாயை அடைத்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

நன்றாகக் கற்றுக்கொண்டார். பத்து கிளாஸில் ஓட்டுகிறேன் என்று குதிக்கிற இளசுகளைப் போல இல்லாமல், நிதானமாக, சொன்னதைச் சொன்னபடி. இருபத்தாறாவது கிளாஸ் அன்று, டெஸ்டுக்கு இன்னும் எட்டு நாள். இனிமேல் இவருக்கு என்ன பயம் என்று எனக்கே ஒரு மிதப்பு. வலிக்கிற காலைப் பிரேக்கின் மேலிருந்து எடுத்து, மடித்து, சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். சோபாவில் உட்காருகிற மாதிரி.

சோபா என்றதும் ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், அன்று காலை சோபா வாங்கக் கடைக்குப் போயிருந்தான். கடையில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். “மாமா, இது எப்படி? மாமா, அது எப்படி?” என் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது.

வீடுகள் வரிசையாக இருக்கிற அமைதியான தெரு. மணி பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு லாண்டரிக் கடை மட்டும் திறந்திருந்தது. சிஸ்டர் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தார். நான் போனை எடுத்தேன். பச்சை நிறத்தில், பாசி பிடித்த குளம் மாதிரி, ஒரு சோபா. சிரிப்பு வந்தது. ‘பச்சை வேண்டாம்’ என்று அடித்தேன். அனுப்பினேன்.

“மாஸ்டர்!” என்று சிஸ்டர் கத்தினார்.

நிமிர்வதற்குள் கார் துள்ளியது. பழகுகிறவர்கள் பதறினால் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது மிதித்திருக்கிறார்கள். அதற்குத்தான் நான். அதற்குத்தான் என் கால். மடித்த காலை எடுத்துக் கீழே வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சத்தம். அப்புறம் கார் ஓரத்துக் கல்லில் முட்டி, இரண்டு தரம் குலுங்கி, அணைந்தது.

கார் இடித்தது தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவரை. தெருவில் எல்லாரும் ‘ரீடிங்’ என்றுதான் கூப்பிடுவோம். “அம்மா, ரீடிங் வந்திருக்கேன்” என்று கேட்டிலிருந்தே குரல் கொடுப்பார். அளவு அதிகமாக இருந்தால், “என்ன சார், வீட்டுல யானை வளர்க்கறீங்களா?” என்பார். என் வீட்டுக்கும் அவர்தான் வருவார். ஒரு பக்கத்து வீடுகளை முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போக ரோட்டில் இறங்கியிருக்கிறார். கார் இடித்ததில் ஒரு வீட்டின் கேட் தூணில் போய் மோதி விழுந்திருந்தார்.

நான் கதவைத் திறப்பதற்குள் சிஸ்டர் அவர் பக்கத்தில் மண்டி போட்டுவிட்டார். தேய்ந்த முழங்கால் என்று பார்க்கவில்லை. கழுத்து அசையாமல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். லாண்டரிக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது வந்து சேர்ந்தபோது அவருக்கு உயிர் இல்லை. சிஸ்டர்தான் கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்துவிட்டு அவர்களிடம் தலையை ஆட்டினார். அப்புறமும் அவர் தலையை விடவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து அந்தக் கைகளை விலக்க வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தன்மையான மனிதர். “உங்க பக்கத்துப் பிரேக்கை அழுத்தினீங்களா மாஸ்டர்?” என்று கேட்டார்.

“அழுத்தினேன் சார். பிடிக்கறதுக்குள்ள...” என்று மென்று முழுங்கினேன்.

“வயசான காலத்துல கத்துக்க வந்தா இப்படித்தான். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்” என்றார். பாவம் என்று என்னைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்து அறையில் சிஸ்டர், ‘முழுத் தவறும் என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, என் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? பயம். வேறென்ன? லைசென்ஸ் போகும், ஸ்கூல் போகும், ஜெயில், தெருவில் தலை காட்ட முடியாது, எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றது. அப்புறம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொன்னால் பொய் சொன்ன குற்றமும் சேரும் என்று தோன்றியது. இப்படியே ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கஷ்டமாக்கியது.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் மதியம் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, நிமிராமலே கேட்டாள்.

“பச்சை சோபா வேணாம்னு தம்பிக்கு மெசேஜ் போட்டீங்களே, எத்தனை மணிக்கு?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு அதெல்லாம்?”

“அவன் போன்ல இருக்கு. பத்து நாப்பத்தொண்ணு.” ஒரு சட்டையை எடுத்து உதறினாள். “போலீஸ் குடுத்த காகிதத்துலயும் அதேதான் போட்டிருக்கு. லாண்டரி கேமராவுல பார்த்து எழுதினதாம்.”

நான் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தேன்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள். “அவனுக்கும் புரியலை, அவன் ஒரு அப்பாவி. ஆனா நீங்க சொல்லணும். என்கிட்ட இல்லை.” மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுவாள், தண்ணீர் வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

அதற்கு நாலு நாள் கழித்து சிஸ்டரின் வீட்டுக்காரர் என் ஆபீஸுக்கு வந்தார். லேத் பட்டறையில் நாற்பது வருஷம் மெஷின் சத்தத்தில் நின்று காது மந்தமானவர். அதனால் எதையும் உரக்கத்தான் சொல்வார். ரகசியம் பேசினாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

“தம்பி, அவ வேலையை விடப் போறா” என்றார், சுவரே அதிர்கிற மாதிரி. “போன வாரம் ஒருத்தருக்கு ஊசி போடப் போயிருக்கா. கை நடுங்கி நரம்பு கிடைக்கலை. ட்ரேயை அப்படியே வெச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டா. சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை. அழக்கூட மாட்டேங்கறா. அழுதாலாவது பரவாயில்லை. சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா.”

அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“நாளன்னிக்குக் கேஸ். தண்டனை எவ்வளவு கிடைச்சாலும் அப்படியே வாங்கிக்கறேன்னு சொல்றா. வக்கீலே வேணாங்கறா. நர்ஸ் பதிவும் போயிடும் தம்பி, அப்புறம் அவ எதுக்கு உயிரோட இருப்பா?” அந்த உரத்த குரல் திடீரென்று உடைந்தது. “நீங்க ஒரே ஒரு தடவை வாங்க. நான் சொன்னா கேக்க மாட்டா, எனக்கு என்ன தெரியும்னு கேப்பா. நீங்க மாஸ்டர். யாராலயும் அதைத் தடுத்திருக்க முடியாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

யாராலும் தடுத்திருக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார். அப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். “வரேங்க” என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கறை ஏறிய, காய்த்துப்போன கைகள். வெட்கங்கெட்டவன் நான், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை போனேன். சிறிய வீடு. கூடத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு கட்டில். கட்டிலில் வெள்ளை யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. சிஸ்டர் நாற்காலியில் இருந்தார். பாதியாகிப் போயிருந்தார். மோதிரம் விரலில் நிற்காமல் அதன்மேல் நூல் சுற்றியிருந்தார். வீட்டுக்காரர் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “நீங்க பேசிட்டிருங்க” என்று கேட் பக்கம் போய்விட்டார்.

“வாங்க மாஸ்டர். கால் வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார். அந்த நிலைமையிலும் என் காலைத்தான் விசாரித்தார்.

“பரவாயில்லை சிஸ்டர்.”

“நீங்க வந்தது நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வேற யாரைக் கேட்டாலும் தெரியாது.” நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “நான் நாள் முழுக்க இதைத்தான் யோசிக்கறேன். அவர் இறங்கறப்போ நம்ம காரைப் பார்த்தாரு. உங்களைப் பார்த்துச் சிரிச்சாரு, கையைத் தூக்கினாரு. எல் போர்டு வண்டி, மாஸ்டர் இருக்காரு, நிக்கும்னு நம்பித்தான் இறங்கினாரு. நான் பதறி மாத்தி மிதிச்சிட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க பிரேக்கை அழுத்தினீங்க. போலீஸ்ல சொன்னீங்களாமே.”

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு மூணு தடவை இதுக்கு முன்னாடியும் மாத்தி மிதிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீங்க தொட்டதுமே கார் நின்னுச்சு. அன்னிக்கு நீங்க அழுத்தியும் நிக்கலை. அப்படின்னா நான் எவ்வளவு வேகமா மிதிச்சிருக்கணும்? எவ்வளவு அழுத்தமா?” தன் வலது பாதத்தைக் குனிந்து பார்த்தார். “பிரேக்கையே மீறிக் கொண்டுபோற அளவுக்கு மிதிச்சிருக்கேன். ஒரு மனுஷன் மேல. எனக்குள்ள அப்படி என்ன இருந்துச்சு மாஸ்டர்? எனக்கு என்னைப் பார்த்தாலே பயமா இருக்கு. இந்தக் கையால எப்படி இன்னொருத்தர் உடம்பைத் தொடறது?”

மூன்றரை வாரமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது அந்த விபத்து இல்லை. நான் ஸ்டேஷனில் சொன்ன அந்த ஒரு சொல். அழுத்தினேன். அதை வைத்துத்தான் அவர் தன்னையே ஒரு ராட்சசியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

“சிஸ்டர், நான் அழுத்தலை” என்றேன்.

புரியாமல் பார்த்தார்.

“என் கால் பிரேக்குல இல்லை. மடிச்சு சீட்டு மேல வெச்சிருந்தேன். நீங்க சாதாரணமாத்தான் மிதிச்சீங்க. எல்லாரும் மிதிக்கிற மாதிரி. என் கால் அங்க இருந்திருந்தா கார் அங்கேயே நின்னிருக்கும். அவர் ரோட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு மீட்டரைப் பார்த்திருப்பாரு.”

“அப்போ... ரோட்டைப் பார்க்கலையா நீங்க?”

“போனைப் பார்த்துட்டிருந்தேன்.”

தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சிஸ்டர் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். ஒரு நோயாளி பொய் சொல்கிறானா என்று பார்க்கிற பார்வை.

“என்ன வந்துச்சு போன்ல? ஏதாவது ஆபத்தா? வீட்டுல யாருக்காவது?” அவர் எனக்காக ஒரு காரணம் தேடினார். கடவுளே, எனக்காக! அப்படி ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

“மச்சான் சோபா வாங்கினான். கலரு எப்படின்னு கேட்டான்.”

“சோபாவா?”

“பச்சை வேணாம்னு சொன்னேன்.”

அப்போதுதான் அழுதார். முதலில் சிரிக்கிறாரோ என்று நினைத்தேன், தோள் அப்படிக் குலுங்கியது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். அடிவயிற்றிலிருந்து வந்தது அந்த அழுகை. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரக்கூட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. வார்டில் பேசுகிற குரலாக இருக்க வேண்டும்.

“அவர் உடனே போகலை மாஸ்டர். தெரியுமா? நாலு நிமிஷம் நினைவோட இருந்தாரு. என்னையே பார்த்துட்டிருந்தாரு. பேச்சு வரலை. நான் அவர் தலையைப் பிடிச்சுக்கிட்டு, ‘என்னை மன்னிச்சிடுங்க, நான்தான் ஓட்டினேன், என்னை மன்னிச்சிடுங்க’ன்னு சொல்லிட்டே இருந்தேன். வாய் ஓயாம சொன்னேன்.” மூச்சு வாங்கினார். “கண்ணை மூடித் திறந்தாரு. அப்புறம் என் கை மேல கையை வெச்சு ஒரு தடவை அழுத்தினாரு. மன்னிச்சுட்டாரு. அந்த வலியில, சாகப்போற நேரத்துல, அந்த மனுஷன் என்னை மன்னிச்சாரு. வீட்டுக்காரர்கிட்டகூட இதைச் சொல்லலை. எனக்கு அது தகுமான்னு தெரியலை, அதனால சொல்லலை.”

நான் டீயை மேஜையில் தள்ளி வைத்தேன்.

“அந்த மன்னிப்பு உங்களுது. நீங்க கேட்டிருக்க வேண்டியது. அவர் மன்னிக்கிற மனசோட இருந்தாரு, நாலு நிமிஷம். நீங்க வந்து பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருந்தா உங்களுக்கும் குடுத்திருப்பாரு.”

“சிஸ்டர், நீங்களாவது என்னை...”

“நான் மன்னிக்கலாம். என்னிக்காவது மன்னிப்பேன். இன்னிக்கு முடியாது” என்றார். “ஆனா நான் மன்னிச்சா எனக்குப் பண்ணினதுக்கு மட்டும்தான். அவர் என் கையில வெச்சதை எடுத்து உங்க கையில வைக்க என்னால முடியாது. போங்க. இன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போங்க. டீயைக் குடிக்க வேணாம், ஆறிப்போச்சு.”

எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் கட்டில் பக்கம் போய், அந்த மடித்த யூனிஃபார்மின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கை நடுங்குகிறதா என்று அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டில் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அந்த மந்தக் காதுக்கே அழுகை எட்டியிருக்கிறது. “அழுதுட்டாளா? அப்பாடா!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர். “தம்பி, நீங்க மகராசனா இருக்கணும். என்ன சொன்னீங்க அவகிட்ட?”

மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நடுத்தெருவில் நின்று, அக்கம்பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படி, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கால் பிரேக்கில் இல்லை, உங்கள் மனைவி மேல் ஒரு தப்பும் இல்லை என்று கத்தினேன். முதல் தடவை அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது தடவையும் கத்தினேன். அவர் கை என் கையை விட்டுவிட்டது. திட்டவில்லை, அடிக்கவில்லை. கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு உள்ளே மனைவியிடம் போனார்.

ஸ்டேஷனில் அதே இன்ஸ்பெக்டர். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்து அந்தத் தன்மை வடிந்துபோனது. ஒரு ஏட்டைக் கூப்பிட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னார். தேதி, மணி, தெரு, மடித்த கால், மச்சான், சோபா, பச்சை. எல்லாவற்றையும் ஏட்டு எழுதினார்.

“உங்க போனைக் குடுங்க” என்றார் இன்ஸ்பெக்டர். கொடுத்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “அந்த மெசேஜ் இதுல இல்லையே.”

“அழிச்சிட்டேன் சார்.”

“எப்போ?”

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலை சிஸ்டர் வீட்டுக் கூடத்தில் உட்காருகிற வரைக்கும் அதன் முழு அர்த்தம் தெரிந்திருக்கவில்லை.

“உடனே சார். அந்தம்மா அவர் தலையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல உட்கார்ந்திருந்தாங்க. நான் காருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு அதை அழிச்சேன். தப்புத் தப்பா அழுத்தினேன், நேரமாச்சு. முடிச்சிட்டு நான் கிட்ட போனப்போ அவர் இறந்துட்டாரு.”

ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.